பாவாத்தாளின் வாய்க்கூடு

பாவாத்தாள் பயந்த சுபாவக்காரி அல்ல. தறிக்குடோனின் மூலையில் ஒருமுறை கட்டுவிரியன் சுருண்டு கிடந்தபோது, ஆண்களெல்லாம் வாசலுக்கு ஓட, அவள் ஓர் இரும்புச் சட்டியை அதன்மேல் கவிழ்த்து, சட்டிமேல் கல்லையும் தூக்கி வைத்துவிட்டு, "இப்ப வாங்க சாமிகளா, வந்து அடிங்க" என்று கூப்பிட்டவள். அப்படிப்பட்டவள் தொண்ணூற்றாறாம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு பல்லுக்குப் பயந்து சோறு இறங்காமல் கிடந்தாள். மேல்வரிசையில் இடது பக்கம் கூர்மையாக நிற்குமே, அந்தக் கோரைப்பல்லுக்கு.

அவள் பிறந்தது தாராபுரத்துப் பக்கம். சோமனூரில் சைசிங் மில்லில் தறியில் நெடுக்கே ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றும் வேலையில் இருந்த சென்னியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். வந்த வருஷமே நரசிம்மலுவின் குடோனில் தறி ஓட்டக் கற்றுக்கொண்டாள். கை சுறுசுறுப்பு, கண் அதைவிடச் சுறுசுறுப்பு. ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் ஒன்று அறுந்தால், துணியில் கோடு விழுவதற்குள் அவள் தறியை நிறுத்திவிடுவாள். "பாவாத்தாளுக்கு ரெண்டு கண்ணில்லீங்க, ரெண்டு டார்ச்சு லைட்டு" என்று நரசிம்மலுவே வியாபாரிகளிடம் பெருமை பேசுவார். கூலி கூட்டிக் கேட்டால் மட்டும் அந்தப் பேச்சை மறந்துவிடுவார்.

கண் எப்படியோ அப்படித்தான் வாயும். தறி ஓடும்போது படகு வடிவக் கட்டையான நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாயும். அதன் வயிற்றில் குறுக்கு நூலான ஊடை சுற்றிய தார் இருக்கும். தார் தீர்ந்ததும் புதுத் தாரைப் பொருத்தி, நூல் நுனியை நாடாவின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கண் வழியாக வெளியே எடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு கம்பிக் கொக்கி உண்டு. அதை யாரும் தொடுவதில்லை. நாடாவின் கண்ணில் உதட்டை வைத்து ஓர் உறிஞ்சு. நூல் நாக்குக்கு வந்துவிடும். கோரைப்பல்லில் ஒரு கடி. மிச்ச நூல் அறுந்துவிடும். கண் மூடித் திறப்பதற்குள் தறி மறுபடி ஓடும். பாவாத்தாளின் அந்தப் பல்லின் ஓரத்தில் நூல் அறுத்து அறுத்தே ஊசிமுனை அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பல் சொத்தை பிடித்து வலித்தது. திருப்பூரில் ஒரு டாக்டர் உள்ளே இருந்த நரம்பை எடுத்து, வேருக்குள் மருந்தை அடைத்து, பின்பக்க ஓட்டையைச் சிமெண்டு வைத்து மூடினார். "இது பத்தாதும்மா. மேலே ஒரு தொப்பி மாட்டணும், கட்டாயம் வாங்க" என்று சொல்லி அனுப்பினார். வலி போன பல்லுக்கு யார் பஸ் ஏறுவார்கள்? போகவில்லை. அடுத்த வருஷமே, நூலைக் கடித்த கடியில் சிமெண்டு பெயர்ந்து விழுந்தது. வலிக்கவில்லை, ஓட்டை மட்டும் இருந்தது. பாவாத்தாள் காலடியில் கிடந்த கழிவுப் பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்து, கிராம்புத் தைலத்தில் நனைத்து, விரல் நுனியால் அதற்குள் அடைத்தாள். பஞ்சு கரைந்தால் புதுப் பஞ்சு. தறிக்குடோனில் பஞ்சுக்கா பஞ்சம்? பக்கத்துத் தறி பழனியாத்தாளுக்கும் அவள்தான் இந்த வைத்தியத்தைச் சொல்லிக் கொடுத்தாள்.

ஆவணியில் பல்லுக்கு மேலே ஈறில் ஒரு கொப்புளம் வந்தது. அமுக்கினால் உப்புக்கரிக்கும் சீழ். இரண்டு நாள் வற்றும், மூன்றாம் நாள் கிளம்பும். பிறகு மூக்கோரம் விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கியது.

"அக்கா, எது வேணும்னாலும் பண்ணு, மேல்பல்லை மட்டும் புடுங்கிப்போடாதெ" என்றாள் பழனியாத்தாள். தறிச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்பதால், குடோனில் எல்லோரும் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். பழனியாத்தாள் தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, விரலால் இழுத்து மூடியும் காட்டினாள். "கோரைப்பல்லு வேரு கண்ணு நரம்புல போயி நிக்குதாமா. பல்லு வந்தா கண்ணும் கூடவே வந்துருமாமா."

இதை யாரும் பாவாத்தாளுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. அவளுடைய சொந்த அண்ணன் தம்பிதுரைக்கு நடந்தது அதுதான். அமராவதிக் கரையில் மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்த நாளில், கன்னம் வீங்கிப்போய், சந்தையில் பல் பிடுங்குகிற ஆளிடம் போய் உட்கார்ந்தான். அதே பக்கம், அதே பல். பிடுங்கிய வாரத்தில் கண் வீங்கியது. வீக்கம் வடிந்தபோது கண்ணும் சேர்ந்தே போயிருந்தது. இன்றைக்கும் அந்தக் கண் வெந்த முட்டை மாதிரி வெள்ளையாக நிற்கிறது. அண்ணனுக்கு ஒரு கண் போனாலும் வயல் இருக்கிறது. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு தறிக்காரி என்ன செய்வாள்?

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. குடோனுக்குள் நுழைந்ததும் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் எதிர்ச்சுவர் காலண்டரைப் பார்ப்பாள். தேதி தெளிவாகத் தெரிந்தால்தான் தறியில் கை வைப்பாள்.

சென்னியப்பன் கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்தான். ஒரு நாள் காலையில் அவள் பழைய சோற்றைப் பிசைந்துவிட்டுத் தின்னாமல் எழுந்ததும், "கெளம்பு புள்ள" என்று சட்டையை மாட்டினான்.

"புடுங்கறதுன்னா நான் வரமாட்டனுங்க."

"புடுங்காம வைத்தியம் பண்ற டாக்டருதான். எங்க மில்லு மேனேஜரு சம்சாரத்துக்குக் கெட்டுப்போன பல்லையே திருப்பிச் சரி பண்ணிக் குடுத்துருக்கறாரு. வா."

கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்தது டாக்டர் அழகிரிசாமியின் இடம். ஐம்பது வயதிருக்கும். மெதுவான பேச்சு, முழங்கைவரை மடித்த சட்டை. எக்ஸ்ரே எடுத்து, ஈரம் சொட்டும் சின்னப் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டினார். பல்லின் வேர் நீளமாக, வெள்ளையாக இருந்தது. அதன் நுனியில் பட்டாணி அளவுக்கு ஒரு கறுப்பு.

"அந்தக் கறுப்புதானுங்கம்மா சீழு. எலும்பைத் தின்னுட்டு உக்காந்திருக்குது. பழைய மருந்து உள்ளார கெட்டுப்போச்சு. ரெண்டே வழிதான். ஒண்ணு, பல்லை எடுத்தர்றது. இல்லீன்னா, பழைய மருந்து அத்தனையும் சொரண்டி வெளிய எடுத்துப்போட்டு, வேரைக் கழுவி, மறுபடியும் புதுசா அடைக்கிறது."

பாவாத்தாள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அண்ணனுக்குக் கண் போன கதையைச் சென்னியப்பன்தான் சொன்னான்.

டாக்டர் சிரிக்கவில்லை. "உங்க அண்ணனுக்குக் கன்னம் எத்தனை நாளா வீங்கியிருந்துச்சுங்க?" என்று கேட்டார்.

"மஞ்ச வெட்டு முடியட்டும்னு ஒரு மாசம் வெச்சிருந்தானுங்க."

"அப்ப கேட்டுக்குங்க. பல்லைப் புடுங்குனதால கண்ணு போகலீங்க. பல்லு வேருக்கும் கண்ணு நரம்புக்கும் ஒட்டும் இல்லை, ஒறவும் இல்லை. ஆனா இந்தப் பல்லோட சீழு, எறங்க எடமில்லீன்னா மேல ஏறும். கண்ணுக்கு அடியில போய்ச் சேரும். உங்க அண்ணன் கண்ணு, அனேகமா, புடுங்காம வெச்சிருந்த அந்த ஒரு மாசத்துல போயிருக்கும்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் பாவாத்தாளுக்குப் பயம்தான் கூடியது. இதுவரை அவள் பயந்தது பல் பிடுங்கும் குறட்டுக்கு. குறடு டாக்டர் கையில் இருக்கிற சாமான், வேண்டாம் என்றால் எடுக்க மாட்டார். இப்போது பயப்பட வேண்டியது அவளுக்குள்ளேயே இருந்தது. பட்டாணி அளவில், கறுப்பாக.

"அடைச்சே குடுத்துருங்க சாமி" என்றாள்.

"பாக்கறனுங்க. ஆனா ஒண்ணு. வேருல வெடிப்பு உழுந்திருந்தா எந்த மருந்தும் நிக்காது. அப்ப எடுத்துத்தான் ஆகணும். பழைய மருந்தை முழுசா எடுத்துப் பாத்தாத்தான் அது தெரியும்."

ஊசி போட்டு மரத்ததும், கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்த டாக்டரின் புருவம் உயர்ந்தது. கூர்மையான இடுக்கியால் எதையோ கொத்தி எடுத்து, பஞ்சு எடுத்து, மறுபடி பஞ்சு எடுத்தார். காவி நிறத்தில், கிராம்பு வாசத்தோடு.

"என்னங்கம்மா இது, பல்லுக்குள்ள ஒரு ஜின்னிங் பேக்டரியே நடத்தறீங்களாட்ட இருக்குதே?"

வெளியே பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்திருந்த சென்னியப்பன் சிரித்துவிட்டான். பாவாத்தாள் வாயைத் திறந்தபடியே, நூல் உறிஞ்சுவதையும் பஞ்சு அடைப்பதையும் விரலால் காட்டி, வெட்கப்பட்டாள். டாக்டர் தலையாட்டினார். இந்தப் பஞ்சின் வழியாகத்தான் எச்சில் உள்ளே ஊறிப் பழைய மருந்தைக் கெடுத்திருக்கிறது என்றார்.

பிறகு ஏதோ ஒரு துளி விட்டார். மூக்கில் ஊட்டிக் குளிர் ஏறியது.

"நீலகிரித் தைலம்தானுங்க. பழைய மருந்து ஒரு மாதிரி ரப்பரு. இதுலதான் எளகும்."

இளகிய ரப்பரை மயிரிழை போன்ற ஊசிகளால் திருகித் திருகி எடுத்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. தலைக்கு மேல் விளக்கு அணைந்து, மின்விசிறி ஓய்ந்து நின்றது. அந்த அமைதிதான் பாவாத்தாளை உலுக்கிவிட்டது. குடோனில் கரண்ட் போனால் அப்படித்தான், அத்தனை இரைச்சலும் ஒரே நொடியில் செத்துப்போகும். தறி பாதியில் நிற்கும், நாடா நடுவழியில் சிக்கி இழைகளை அறுக்கும். இப்போது அவள் பல்லுக்குள் ஊசி நடுவழியில் நிற்கிறது. அப்படியே ஒடிந்துவிட்டால்? வியர்வை கழுத்தில் வழிந்தது. எழுந்து ஓடக்கூட வழியில்லை. வாயில் ஓர் ஆளின் கை இருக்கிறது.

"பயந்துக்காதீங்க" என்றது இருட்டில் டாக்டரின் குரல். "உங்க தறிதான் கரண்டுல ஓடும். இது கைத்தறிங்க." நர்ஸ் டார்ச்சைப் பிடிக்க, ஊசி மறுபடி மெல்லத் திரும்பியது.

அன்று பாதி வேர்தான் முடிந்தது. உள்ளே மருந்து வைத்து, தற்காலிகமாக மூடி, மாத்திரை கொடுத்து அனுப்பினார். "அடுத்த வாரம் மீதி. வெடிப்பு இருக்குதா இல்லையான்னு அன்னிக்குத் தெரியும். அதுவரைக்கும் இந்தப் பக்கம் எதையும் கடிக்கக் கூடாது. நூலைக் கண்டிப்பா வாயில வெக்கக் கூடாது."

"வெக்க மாட்டனுங்க" என்றாள். சத்தியமாகத்தான் சொன்னாள்.

நரசிம்மலுவின் குடோனில் எப்போதும் ஓடுவது வெள்ளைக் காடாத் துணிதான். அந்த வாரம் மட்டும் கரூர் வியாபாரி ஒருவருக்காக நீல ஊடை ஓடியது. பாவாத்தாள் கொக்கியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு வேலைக்கு நின்றாள். முதல் தாருக்குக் கொக்கியைப் போட்டாள். இரண்டாவதற்கும் போட்டாள். அதன்பிறகு தறிகள் தங்கள் வேகத்தில் அவளை இழுத்துக்கொண்டு போயின. மாலையில் கொக்கி காதில்தான் இருந்தது.

மூன்றாம் நாள் விடிந்தபோது அவளுக்கு இடது பக்கம் உலகம் இல்லை.

முதலில் தலையணை மறைக்கிறது என்று நினைத்தாள். கையை வைத்துப் பார்த்தாள். கன்னம் எங்கே முடிகிறது, கண் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே மேடாக, சூடாக, தோல் மின்ன வீங்கியிருந்தது. இமை ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்த பழனியாத்தாள் ஓடிவந்தாள்.

"நாஞ் சொன்னனல்லொ! பல்லைப் புடுங்காமயே கண்ணைப் புடுங்கிப்போட்டானே அந்த டாக்டரு!"

"வாயை மூடு புள்ள" என்று அதட்டிவிட்டு, சட்டையை எடுத்து மாட்டினான் சென்னியப்பன். "பாவா, இன்னிக்கே அந்தப் பல்லை எடுத்துப்போடச் சொல்லிர்லாம். பல்லு போனாப் போச்சாது."

பாவாத்தாள் பஸ்ஸில் சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கருமத்தம்பட்டி வந்ததும் போனதும் தெரியவில்லை. இமையை விரலால் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், கண் இருக்கிறதா போய்விட்டதா என்று. கை மடியைவிட்டு எழவில்லை. பிரித்துப் பார்த்து இருட்டாக இருந்தால்? பார்க்காதவரைக்கும் கண் இருக்கிறது. அண்ணனின் வெள்ளைக் கண் முன்னால் வந்து வந்து நின்றது. அவனும் அன்றைக்கு இப்படித்தானே உட்கார்ந்திருப்பான்.

டாக்டர் அவளைப் பார்த்ததும் காத்திருந்தவர்களை விட்டுவிட்டு உள்ளே கூப்பிட்டார். பல்லைத் தொடவில்லை. முதலில் இரண்டு விரலால் இமையை மெல்லப் பிரித்தார்.

"என்ன தெரியுது, சொல்லுங்க."

அவள் வலது கண்ணைப் பொத்திக்கொள்ளக்கூட மறந்து, இரண்டையும் இறுக்கி மூட முயன்றாள்.

"மூடாதீங்க. பயமா இருந்தாலும் பாருங்கம்மா. பாத்துச் சொன்னாத்தான் நான் அடுத்த வேலை பாக்க முடியும்."

நர்ஸ் அவள் வலது கண்ணைப் பொத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நீர் வழிய, ஒரு வெளிச்சம். வெளிச்சத்தில் அசையும் மூன்று இறக்கைகள்.

"பேனுங்க… பேன் சுத்துதுங்க" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

கண்ணை இப்படியும் அப்படியும் உருட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு டாக்டர் மூச்சு விட்டார். "கண்ணுக்குள்ள போகலீங்க. வெளியதான் நிக்குது. ஆனா நாளைக்கு இது கொறையிலீன்னா, பார்வை மங்குச்சுன்னா, காய்ச்சல் அடிச்சுதுன்னா, எங்கிட்ட வராதீங்க. நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க."

பிறகுதான் பல்லைப் பார்த்தார். கண்ணாடியை விட்டவர் அசையாமல் நின்றார். இடுக்கியை உள்ளே விட்டு எதையோ எடுத்து, வெள்ளைத் துணிமேல் வைத்தார்.

"இந்த வாரம் என்ன கலருங்க ஓடுது தறியில?"

பாவாத்தாள் பார்த்தாள். துணிமேல் ஒரு சிட்டிகை நீலப் பஞ்சு.

"நான் வாயில வெக்கவே இல்லீங்களே!" என்றாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கு ஞாபகமே இல்லை. டாக்டர் வைத்த மூடி எப்போது பெயர்ந்தது, எத்தனை தாருக்கு உதடு நாடாவுக்குப் போனது, ஒன்றும் தெரியவில்லை. கை செய்தால் தெரிந்திருக்கும். வாய் தானாகச் செய்திருக்கிறது, அவளைக் கேட்காமல்.

சென்னியப்பன் வாசலில் நின்று, "எடுத்துருங்க சாமி, இந்த எழவே வேண்டாம்" என்றான்.

டாக்டர் பாவாத்தாளைப் பார்த்தார். "எடுத்தாலும் சீழு போகும். பல்லைத் தொறந்துவிட்டாலும் போகும். நீங்க சொல்லுங்க."

"தொறங்க சாமி" என்றாள். "வெடிப்பு இருந்தா எடுத்துக்குங்க. இல்லீன்னா வேண்டாம்."

திறந்ததும் அழுத்தம் விட்டுச் சீழும் இரத்தமுமாக இறங்கியது. அந்த நாற்றத்தில் அவளுக்கே குமட்டியது. இறங்க இறங்க, விண்விண்ணென்று தெறித்தது தளர்ந்தது. மிச்சமிருந்த ரப்பரையும் எடுத்து, மருந்து நீரால் பீய்ச்சிக் கழுவி, வேரின் சுவரை ஊசியால் தடவித் தடவிப் பார்த்தார் டாக்டர். மறுபடி எக்ஸ்ரே எடுத்தார். படம் கழுவி வரும்வரை பாவாத்தாள் மேலே மின்விசிறியையே, ஒரு கையால் இடது இமையைப் பிரித்து, மறுகையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெடிப்பு இல்லீங்க" என்றார்.

மறுநாள் இமை நூலளவு திறந்தது. அதற்கடுத்த நாள் காலண்டரில் தேதி தெரிந்தது. வீக்கம் முழுதாக வடியும்வரை சென்னியப்பன் அவளைக் குடோனுக்கே விடவில்லை. பிறகு வேரைப் புதிதாக அடைத்து, ஒரு மாதம் பொறுத்து, பல்லுக்கு மேலே பீங்கான் தொப்பியும் மாட்டினார் டாக்டர். பழைய பல்லில் இருந்த நூல் பள்ளம் அதில் இல்லை. நாக்கு அதைத் தேடிப் பார்த்து ஏமாந்து திரும்பியது.

"கறுப்பு மறைய ஒரு வருஷம் ஆகும். பல்லு நிக்குமான்னு கேட்டா, அது உங்க வாயிலதான் இருக்குதுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

தன் வாயை இனி நம்ப முடியாது என்று பாவாத்தாளுக்குத் தெரியும். வேலைக்குத் திரும்பிய அன்று பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து, மூக்குக்குக் கீழே வாயை மூடிப் பின்மண்டையில் இறுக்கி முடிந்துகொண்டாள். குடோனே திரும்பிப் பார்த்தது.

"ஏனக்கா, களத்துல தாம்பு ஓட்டற மாட்டுக்கு வாக்கூடு போட்டாப்பல இருக்குது!" என்று பழனியாத்தாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பாவாத்தாளின் உதடு தெரியவில்லை. அதனால் அவள் சொன்ன பதில் தறிச் சத்தத்தில் யாருக்கும் புரியவில்லை. துணியைக் கீழே இழுத்து மறுபடி சொன்னாள்: "மேயற வாய்க்கு வேற என்ன போடறது?"

நரசிம்மலுதான் முணுமுணுத்தார். "கொக்கி போட்டுக் கோத்துட்டிருந்தா தறி எந்நேரம் ஓடறதுங்க, அம்மணி?"

"கண்ணில்லாம ஓட்டறதுக்கு இது மேலுங்க" என்றாள்.

பொழுது இறங்கி, வேலை முடிந்ததும் துணியை அவிழ்த்தாள். உதறப் போனவள் நின்றுவிட்டாள். துணியின் வெளிப்பக்கம், சரியாக உதட்டுக்கு நேரே, ஒரு பொட்டு அளவுக்குப் பஞ்சு ஒட்டியிருந்தது. நாடா முட்டிய இடம். அன்று முழுவதும் கொக்கியைத்தான் போட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பொட்டைச் சுரண்டி எறிந்துவிட்டு, வலது கண்ணைப் பொத்தி, காலண்டரைப் பார்த்தாள். தேதி தெரிந்தது. மறுநாள் துணியை இன்னும் இறுக்கிக் கட்டினாள். மாலையில் அவிழ்க்கும்போதெல்லாம் முதலில் அந்த இடத்தைத்தான் பார்த்தாள், என்றைக்காவது ஒருநாள் சுத்தமாக இருக்காதா என்று. தை பிறந்தது, மாசி போனது. பஞ்சு ஒட்டாமல் இருந்த நாள் ஒன்றுகூட வரவில்லை.